சராசரி சொல்லாத கணக்கு: அச்சுவேலிச் சிறு முயற்சியாளர்களுக்கு நியம விலகலும் செவ்வன் பரம்பலும்

யுத்தத்துக்குப் பின்னர் வடக்கில் வாழ்வாதார உதவிக்கோ கடனுக்கோ விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் நிரப்பிய ஒரு கட்டம் உண்டு: "மாத வருமானம்". தையல் இயந்திரமோ கறவை மாடோ மிளகாய் அரைக்கும் இயந்திரமோ, எதற்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணைத்தான் எழுத வேண்டும். கடன் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம், கிழமைக்கு எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்தே தீர்மானமாகின்றன. அந்த எண் ஒரு சராசரி. ஆனால் எந்தக் குடும்பமும் சராசரியில் சீவிப்பதில்லை. நல்ல கிழமையும் கெட்ட கிழமையும் மாறிமாறித்தான் வருகின்றன. கெட்ட கிழமை எவ்வளவு கெட்டதாக இருக்கும் என்பதைச் சராசரி சொல்லாது.

அதைச் சொல்வது இரண்டாவது எண். அதன் பெயர் நியம விலகல். அதையும், அதோடு சேர்ந்து வரும் செவ்வன் பரம்பலையும், பட்டதாரியல்லாத ஒருவர் தன் தொழிலுக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இங்கு எழுதுகிறேன். அச்சுவேலிப் பக்கத்தில் சிறு முயற்சியாளர்கள் சிலருக்குக் கணக்கெழுத உதவி வருபவன் நான். கீழே வரும் தொழில் உதாரணங்களின் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அவற்றுக்குப் பதிலாக உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் ஊரின் நிலை

வலிகாமம் கிழக்கில், தொண்டைமானாறு கடனீரேரிக்கு மேற்கே உள்ள அச்சுவேலி, தோட்டச் செய்கையும் சந்தையும் சேர்ந்த ஊர். சின்ன வெங்காயம், புகையிலை, மரக்கறி என்று செம்மண்ணில் விளைவது ஒரு பக்கம். கைத்தொழில் பேட்டை மறுபக்கம். போர்க்காலத்தில் செயலிழந்து போன அந்தப் பேட்டை, இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவை தவிர, வீட்டு முற்றத்திலேயே மிளகாய்த்தூள் அடைப்பவர்கள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், பணியாரம் சுடுபவர்கள் இருக்கிறார்கள்.

கொழும்பில் பரம்பரையாக வியாபாரம் செய்பவர்களுக்கு இருக்கும் ஒன்று இவர்களிடம் இல்லை: பழைய கணக்குப் புத்தகங்கள். 1990 இலும் 1995 இலும் உடுத்த உடுப்போடு வெளியேறியவர்கள் கணக்குக் கொப்பிகளைக் காவிச் செல்லவில்லை. எனவே எங்களிடம் இருப்பவை குறைந்த தரவுகள்: எட்டுக் கிழமை, பத்து மூட்டை, முப்பது பக்கற். குறைந்த தரவை வைத்துக்கொண்டு எவ்வளவு துணிந்து முடிவெடுக்கலாம் என்பதும் புள்ளிவிபரவியல் கேட்ட கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரே சராசரி, இரண்டு வாழ்க்கை

இரண்டு பெண்கள் சிறு தொழில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொழிற் செலவும் வீட்டுச் செலவும் போகக் கையில் மிஞ்சிய பணம், எட்டுக் கிழமைகளுக்கு, ரூபாவில்:

முதலாமவர்: 5,500, 6,500, 6,000, 5,800, 6,200, 6,400, 5,600, 6,000.

இரண்டாமவர்: 3,000, 9,000, 6,000, 4,000, 8,000, 9,500, 2,500, 6,000.

இருவருக்கும் கூட்டுத்தொகை 48,000. சராசரி 6,000. விண்ணப்பப் படிவத்தில் இருவரும் ஒன்றே. இப்போது நியம விலகலைக் காண்போம். படிகள் இவைதான்:

1. சராசரியைக் காணுங்கள்.
2. ஒவ்வொரு கிழமையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதுங்கள்.
3. ஒவ்வொரு விலகலையும் அதே எண்ணால் பெருக்குங்கள்.
4. அவற்றைக் கூட்டி, கிழமைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வருவதால் வகுங்கள். இங்கு 7.
5. வந்த விடையின் வர்க்கமூலமே நியம விலகல்.

முதலாமவருக்கு ஏறத்தாழ 360 ரூபா வரும். இரண்டாமவருக்கு ஏறத்தாழ 2,690 ரூபா. இரண்டாமவரின் வருமானம் ஏழு மடங்குக்கு மேல் தளம்புகிறது.

இருவருக்கும் கிழமைக்கு 4,500 ரூபா கட்டும் கடன் கொடுக்கப்படுகிறது. சராசரி 6,000 என்பதால் "கட்டக்கூடியவர்கள்" என்று இருவரையும் கடன் அதிகாரி எழுதிவிடுவார். முதலாமவருக்கு ஒரு கிழமையும் தட்டுப்படாது. இரண்டாமவருக்கு எட்டில் மூன்று கிழமைகள் கட்ட முடியாதவை. செவ்வன் பரம்பலின்படி கணக்கிட்டால் நூற்றுக்கு 29 கிழமைகள், அதாவது ஆண்டுக்கு 15 கிழமைகள் அளவில் பணம் போதாமல் வரும். நல்ல கிழமையில் மிஞ்சியதைச் சேர்த்து வைக்க வழியிருந்தால் சமாளிக்கலாம். வழியில்லாத இடத்தில் கைமாற்று வாங்கி, அதை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, அதை அடைக்க நகையை அடகு வைப்பதுதான் நடக்கிறது.

யுத்தம் பாதித்த பகுதிகளில் நுண்கடன் எப்படிச் சுமையாகியது என்பது இதை வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அந்தச் சுமைக்கு உயர்ந்த வட்டி ஒரு காரணம். தளம்பும் வருமானத்தின் மேல் தளம்பாத கிழமைத் தவணையை ஏற்றியது இன்னொரு காரணம்.

இதே கணக்கு ஒரு தீர்வையும் காட்டுகிறது. இரண்டாமவர் கிழமைக்கு 4,500 கட்டுவதற்குப் பதிலாக நான்கு கிழமைக்கு ஒரு தடவை 18,000 கட்டட்டும். கடன் தொகை மாறவில்லை. நான்கு கிழமை வருமானத்தின் சராசரி 24,000. ஆனால் நியம விலகல் நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்கே ஆகிறது: ஏறத்தாழ 5,380. ஒரு கிழமையின் இழப்பை இன்னொரு கிழமை ஈடுசெய்வதே காரணம். இப்போது பணம் போதாமல் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 13. ஒரு சதமும் தள்ளுபடி செய்யாமல், கட்டும் நாளை மாற்றியதாலேயே 29 என்பது 13 ஆகிறது. கிராமிய அபிவிருத்திச் சங்கங்களும் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் கவனிக்க வேண்டிய இடம் இது.

மணி வடிவம் எங்கிருந்து வருகிறது

பல சிறிய காரணங்கள், ஒன்றையொன்று சாராமல், ஒரு அளவைக் கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைத்தும் விடும்போது, அந்த அளவுகள் நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகச் சரிகின்றன. வரைந்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். இதுவே செவ்வன் பரம்பல். பிரான்சில் பிறந்து லண்டனுக்கு அகதியாகச் சென்று வாழ்ந்த டி மொய்வர் 1733 இல் இதன் வடிவத்தை முதலில் எழுதினார். 1809 இல் காவுஸ் வானியல் அளவீடுகளின் பிழைகளுக்கு இதைப் பயன்படுத்தினார். லாப்பிளாஸ் இது ஏன் இவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பதை விளக்கினார்.

நினைவில் வைக்க மூன்று எண்கள் போதும். சராசரியிலிருந்து ஒரு நியம விலகல் தூரத்துக்குள் நூற்றுக்கு 68 அளவுகள் விழும். இரண்டு நியம விலகலுக்குள் நூற்றுக்கு 95. மூன்றுக்குள் ஆயிரத்துக்கு 997.

மிளகாய்த்தூள் பக்கற்

250 கிராம் என்று அச்சிட்ட பக்கற்றில் தூள் அடைக்கிறீர்கள். கையால் அடைக்கும்போது எல்லாம் சரியாக 250 ஆக வராது. முப்பது பக்கற்றை நிறுத்துப் பார்த்தால் சராசரி 250, நியம விலகல் 4 கிராம் என்று வருகிறது என்போம். சராசரி சரியாக இருக்கிறது என்று மகிழ முடியாது. பாதிப் பக்கற்றுகள் நிறை குறைந்தவை. வாங்குபவருக்கு அது களவு. நிறுவை அளவை அதிகாரிகள் வந்தால் உங்களுக்கு வழக்கு.

நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல்தான் குறையலாம் என்று நீங்கள் எல்லை வைத்தால், சராசரியை இரண்டு நியம விலகல் உயர்த்த வேண்டும். அதாவது 258 கிராம். அப்படியானால் ஆயிரம் பக்கற்றுக்கு 8 கிலோ தூள் இலவசமாகப் போகிறது. நல்ல தராசு வாங்கி, அடைக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, நியம விலகலை 2 கிராமுக்குக் கொண்டுவந்தால் 254 கிராம் போதும். ஆயிரம் பக்கற்றுக்கு 4 கிலோ மிச்சம். தூளின் அடக்கவிலை கிலோ 1,500 ரூபா என்றால் அது 6,000 ரூபா. தராசின் விலை 30,000 ரூபா என்றால், ஐயாயிரம் பக்கற்றில் தராசு தன் காசைத் தானே கொடுத்துவிடும். அதற்கு மேல் வருவது உங்களுக்கு. மாதத்துக்கு இருநூறு பக்கற்தான் அடைக்கிறீர்கள் என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் செல்லும். அப்படியானால் அவசரப்பட வேண்டாம்.

இதே வேலைக்கு இன்னொரு கருவியும் உண்டு. 1924 இல் அமெரிக்கப் பொறியியலாளர் வோல்ட்டர் ஷூவாட் தொழிற்சாலைகளுக்காகக் கட்டுப்பாட்டு வரைபடத்தை அமைத்தார். ஒரு தாளில் நடுவே 258 என்று கோடு போடுங்கள். மூன்று நியம விலகல் மேலே 270, கீழே 246 என்று இரண்டு கோடுகள். மணிக்கு ஒரு பக்கற்றை நிறுத்துப் புள்ளி வையுங்கள். புள்ளி கோடுகளுக்கு வெளியே போனாலோ, எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தாலோ நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். மற்ற நேரம் கை வைக்க வேண்டாம். சாதாரணத் தளம்பலுக்கெல்லாம் இயந்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் தளம்பல் கூடும், குறையாது.

இடியப்பம் எத்தனை, பணியாரம் எத்தனை

ஒரு வீட்டில் நாளுக்குச் சராசரி 200 இடியப்பம் விற்கிறது. நியம விலகல் 30. நாளைக்கு எத்தனை அவிப்பது? பலரும் 200 என்பார்கள். சிலர் "குறைந்தால் வாடிக்கை போய்விடும்" என்று 230 அவிப்பார்கள்.

சரியான விடை இலாபத்திலும் நட்டத்திலும் இருக்கிறது. ஒன்றின் செலவு 12 ரூபா, விற்பது 20 ரூபா என்போம். விற்றால் 8 ரூபா இலாபம். மிஞ்சினால் மறுநாள் விற்க முடியாது, 12 ரூபா நட்டம். இலாபத்தை, இலாபமும் நட்டமும் சேர்ந்த தொகையால் வகுங்கள்: 8 ஐ 20 ஆல் வகுக்க 0.4. அப்படியென்றால் நூறு நாளில் நாற்பது நாள் முழுத் தேவையையும் ஈடுசெய்யும் அளவுக்கு அவிப்பதே இலாபம் கூடிய வழி. செவ்வன் பரம்பல் அட்டவணையில் அது சராசரிக்குக் கால் நியம விலகல் கீழே: 192.

பயற்றம் பணியாரம் வேறு கதை. செலவு 25, விலை 40, இலாபம் 15. மிஞ்சினால் அடுத்த நாள் 20 ரூபாவுக்குத் தள்ளலாம் என்பதால் நட்டம் 5 மட்டும். 15 ஐ 20 ஆல் வகுக்க 0.75. தேவை அதேபோல் சராசரி 200, நியம விலகல் 30 என்றால், சுட வேண்டியது 220. ஒரே தேவை, ஒரே தளம்பல். பழுதாகும் பண்டத்தைக் குறைத்தும் பழுதாகாததைக் கூட்டியும் செய்ய வேண்டும். அனுபவமுள்ள அம்மாமாருக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தப் பழக்கம் வரும்வரை இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

எட்டுக் கிழமையை எவ்வளவு நம்பலாம்

வில்லியம் கொசெற் என்பவர் 1899 இல் டப்ளினிலுள்ள கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லிப் பயிரையும் ஆலைச் சோதனைகளையும் சில மாதிரிகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டிய நிலை அவருக்கு. பெரிய தரவுகளுக்கு எழுதப்பட்ட சூத்திரங்கள் சிறிய மாதிரிகளில் பிழைத்தன. 1908 இல், "ஸ்ரூடன்ற்" என்ற புனைபெயரில், சிறிய மாதிரிகளுக்கான முறையை வெளியிட்டார். தோட்டமும் ஆலையும் குறைந்த தரவும் என்ற அவரது நிலைமை எங்களுடையதற்கு மிகக் கிட்டியது.

அவரது முறைப்படி, மேலே சொன்ன இரண்டாமவரின் எட்டுக் கிழமையிலிருந்து நூற்றுக்கு 95 நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவருடைய உண்மையான சராசரி 3,750 க்கும் 8,250 க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 6,000 என்று உறுதியாக எழுதிய எண்ணின் உண்மை நிலை இது. மூன்று இலட்சம் கடனுக்கு இது போதுமான ஆதாரம் அல்ல. தரவு நான்கு மடங்கானால் இந்த இடைவெளி பாதிக்குச் சுருங்கும். எனவே முப்பத்திரண்டு கிழமைக் கணக்கு ஒரு சொத்து.

இதே முறையால் ஒரு பொதுப் பிரச்சினையையும் அணுகலாம். சந்தையில் தோட்டக்காரரின் மரக்கறிக்கு நூற்றுக்குப் பத்து "கழிவு" பிடிப்பது பற்றி யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாக முறைப்பாடு உண்டு. பத்து நியாயமா, ஐந்து நியாயமா என்று வாய்ச்சண்டை போடுவதைவிட, ஒரு கமக்காரர் அமைப்பு வெவ்வேறு தோட்டங்களிலிருந்து குலுக்கலில் எடுத்த முப்பது மூட்டைகளை நிறுத்து, உண்மையில் வீணாவது எவ்வளவு என்று எழுதட்டும். சராசரி 6 சதவீதம், நியம விலகல் 3 என்று வந்தால், உண்மையான கழிவு 4.9 க்கும் 7.1 க்கும் இடையில் என்று சொல்லலாம். பத்து அதற்கு வெளியே. பதினொன்று என்று வந்தால் தோட்டக்காரர்கள் வேறு வாதம் தேட வேண்டும். எப்படி வந்தாலும் பிரதேச சபையின் முன் வைக்க ஒரு ஆதாரம் கிடைக்கும். எல்லா மூட்டைகளையும் நிறுக்கத் தேவையில்லை. வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரி வயல்களை வைத்து மதிப்பிட்டு இதை இந்தியாவில் நிறுவிக் காட்டியவர் மகலனோபிஸ். 1931 இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே.

மணி பொய் சொல்லும் இடங்கள்

காரணங்கள் பல, சிறியவை, ஒன்றையொன்று சாராதவை என்ற நிபந்தனை உடைந்தால் செவ்வன் பரம்பல் உதவாது. அது எங்கே உடையும் என்பதை எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது ஒரு கடையின் விலை மட்டும் ஏறவில்லை, குடாநாட்டின் எல்லா விலைகளும் சேர்ந்தே ஏறின. 2008 நவம்பரில் நிஷா புயல் எல்லாத் தோட்டங்களையும் ஒன்றாக வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது எல்லாக் கமக்காரரையும் ஒரே போகத்தில் அடித்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய ஆண்டின் தளம்பலை வைத்துக் கணக்கிட்டிருந்தால் இது நடக்கவே முடியாத ஒன்று என்று அட்டவணை சொல்லியிருக்கும்.

வெங்காய விலையும் இந்த வகைதான். எல்லோரும் ஒரே கிழமையில் கிண்டினால் எல்லோருக்கும் விலை விழும். ஒருவரின் நட்டத்தை மற்றவரின் இலாபம் ஈடுசெய்யாது.

ஆகவே நான் ஒரு பிரிவைக் கடைப்பிடிக்கிறேன். பக்கற்றின் நிறை, ஒரு சட்டை தைக்கும் நேரம், நாளாந்த விற்பனை போன்ற, எங்கள் கைக்குள் உள்ளவற்றுக்குச் செவ்வன் பரம்பல். விலை, மழை, நாணயம், பாதை போன்ற, வெளியிலிருந்து வருபவற்றுக்கு, நினைவில் உள்ள மிக மோசமான காலத்தை எடுத்து, அது மீண்டும் வந்தால் எத்தனை கிழமை தாங்குவோம் என்று கேட்பது.

வருமானக் கணக்கிலும் கவனம் வேண்டும். பத்து வீட்டில் இரண்டு வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வந்தால் ஒழுங்கையின் சராசரி உயரும். மற்ற எட்டு வீட்டின் அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கு பார்க்க வேண்டியது இடையம்: எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. பாதிக் குடும்பங்கள் இந்தச் சிறிய எண்ணுக்கும் கீழே. உங்கள் தரவில் சராசரியும் இடையமும் தூரத்தில் நின்றால், மணி வடிவத்தை அதற்குப் பொருத்த வேண்டாம்.

தொடங்குவதற்கு

ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒவ்வொரு நாளும் விற்றது, செலவழித்தது, மிஞ்சியது, பழுதானது ஆகிய நான்கையும் எழுதுங்கள். கிழமை முடிவில் கூட்டுங்கள். எட்டுக் கிழமை ஆனதும் சராசரி, இடையம், நியம விலகல் மூன்றையும் காணுங்கள். கைப்பேசியில் எக்செல் இருந்தால் அது நொடியில் தரும். இல்லாவிட்டால், உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் அல்லது இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை அயலில் யாராவது இருப்பார். கொப்பியைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கும் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பயிற்சி.

கடன் எடுக்கப் போகும்போது சராசரியிலிருந்து ஒரு நியம விலகலைக் கழித்து வரும் தொகையைத் தவணையோடு ஒப்பிடுங்கள். தவணை அதைவிடக் கூடுதலென்றால், ஆறில் ஒரு கிழமைக்கு மேல் தட்டுப்பாடு வரும் என்று பொருள். தொகையைக் குறைக்கவோ, கிழமைத் தவணையை மாதத் தவணையாக்கவோ கேளுங்கள். முடியாது என்றால், அந்தக் கடனை எடுக்காமல் திரும்பி வருவதற்கும் இந்தக் கணக்கே போதுமான காரணம்.